வகுப்புக்குத் தண்ணீர் ஊற்றியவள்

அபிநயா அன்றைக்கும் சோற்றுப்போசியை மறந்துவிட்டு வேன் ஏறிவிட்டாள். மறப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒற்றைக் காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு போய் இறங்கியிருக்கிறாள். புத்தகப்பையை வாசலில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போயிருக்கிறாள். பல் விளக்க வீட்டுப் பின்பக்கப் பொடக்காளிக்கு அனுப்பினால், வாயில் நுரையோடு எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா சத்யபிரியா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் உண்டு. பிள்ளைக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு.

போசியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அப்பன் தமிழரசின் தலையில் விழுந்தது. ஆடிக் காற்று பேயாய் அடித்து, பரமத்தி வேலூரைச் சுற்றியிருந்த வெற்றிலைக் கொடிக்கால்களையெல்லாம் உலுக்கி எடுத்துக்கொண்டிருந்த சமயம். அகத்தி மரங்கள் சாய்ந்து, அவற்றைப் பிடித்து ஏறியிருந்த கொடிகள் கழன்று தொங்கின. தமிழரசு விடிந்ததிலிருந்து வரிசை வரிசையாக நடந்து கொடிகளைத் தூக்கிக் கோரையால் கட்டிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டுப் போக எரிச்சல்தான். ஆனால் போசியில் இருந்தது அரிசியும்பருப்புஞ்சோறு, மேலே நெய் வேறு. பிள்ளை மத்தியானம் பட்டினி கிடக்கலாமா? காலைக் கழுவி, வரப்பில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். கொடிக்காலுக்குள் செருப்புக் கால் படக் கூடாது என்பது அந்தப் பக்கத்துக் கட்டுப்பாடு. கலெக்டரே வந்தாலும் தமிழரசு கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வான். அப்படி ஓர் ஆள்.

பள்ளிக்கூடம் கரூர் ரோட்டின் மேல் இருந்தது. அதை நடத்துகிற தாளாளர் அப்புசாமி, சத்யபிரியாவுக்குப் பெரியப்பா முறை. அதனால் தமிழரசை வாட்ச்மேன் தடுப்பதில்லை. ஆபீசில் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய போசியை அவன் நேரே வகுப்புக்கே கொண்டுபோனான். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

எல்லாப் பிள்ளைகளும் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மகள் மட்டும் உட்காரவில்லை. கையில் ஒரு ஜக். மூலையில் இருந்த கேனில் தண்ணீர் பிடித்து, வரிசையாகப் போய் மற்றப் பிள்ளைகளின் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் குனிந்து கீழே கிடந்த காகிதத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். கரும்பலகையில் ஒரு பக்கத்தைத் துடைத்தாள். மறுபடியும் ஜக்கை எடுத்தாள். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நான்சி டீச்சர் நிமிராமலே, "இந்த வரிசை முடிச்சுட்டு உக்காந்துக்க அபி" என்றார்.

தமிழரசுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவன் வீட்டில் இலை கிள்ள ஆள் வருகிறது, வாசல் கூட்ட ஆள் வருகிறது. தண்ணீர் யார் மொண்டு கொடுப்பது, யார் வாங்கிக் குடிப்பது என்பதற்கெல்லாம் அவர்கள் குடும்பத்தில் ஒரு கணக்கு உண்டு. நான்காம் வகுப்புக் கணக்கைவிட ரொம்பப் பழைய கணக்கு அது. அந்தக் கணக்கைத்தான் அவன் அந்த ஜன்னலோரத்தில் நின்று போட்டான்.

வாசலில் வந்து நின்று, ஊருக்கே கேட்கிற குரலில் பேசினான். "ஏனுங்க டீச்சர், எங்க ஊட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டவே ஆளு நிக்குது. என்ற புள்ள உங்க கிளாசுக்குத் தண்ணி மொண்டு ஊத்தறக்கா பள்ளிக்கூடத்துக்கு வருது?"

நான்சி டீச்சர் எழுந்து வந்தார். சேலம் அஸ்தம்பட்டிக்காரர். கணவருக்குக் கரூரில் துணிக் கம்பெனியில் வேலை கிடைத்ததால் பரமத்தி வேலூரில் வாடகைக்கு வீடு பிடித்து இருக்கிறவர். தாழ்ந்த குரலில், "வெளிய வாங்க சார், சொல்றேன். அபிக்கு ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காந்து கவனிக்கறது கஷ்டம். அதுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார்.

தமிழரசு முடிக்க விடவில்லை. "என்ன கஷ்டம்? என்ற புள்ளைக்கு என்ன மூளைக் கோளாறா? கோளாறுன்னா கட்டுத்தறீல மாட்டோட கட்டிப் போட்டிருக்க மாட்டனா? பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அனுப்பறேன்?"

வகுப்பு முழுக்க அவனைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அபிநயா, சபரிநாதன் என்கிற பையனின் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தவள், ஜக்கைச் சாய்த்தபடி நின்றாள். தண்ணீர் பாட்டிலுக்குள் போகாமல் மேசையில் வழிந்து அவன் நோட்டை நனைத்தது. தமிழரசு போசியை வாசலில் வைத்துவிட்டு நேரே தாளாளர் அறைக்கு நடந்தான்.

அப்புசாமிக்கு மாப்பிள்ளையின் கோபம் புரிந்தது. அவருக்கும் அதே பழைய கணக்குத்தான். மறுநாளே நான்சி டீச்சரை யூகேஜிக்கு மாற்றிவிட்டு, நான்காம் வகுப்புக்கு நர்மதா டீச்சரைப் போட்டார். தமிழரசு இந்தக் கதையை டீக்கடையில் சொன்னான், வெற்றிலை மண்டியில் சொன்னான், ஆடிப் பதினெட்டுக்கு வந்த ஒறம்பரைச் சனத்திடம் சந்தவையும் தேங்காய்ப்பாலும் பரிமாறிக்கொண்டே சொன்னான். சொல்லச் சொல்லக் கதையில் அவன் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. எல்லோரும் நல்ல வேலை செய்தாய் என்றார்கள். சத்யபிரியா மட்டும் எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பெண்பிள்ளைக்கு இந்த மாதிரி விஷயத்தில் என்ன தெரியும் என்று அவன் விட்டுவிட்டான்.

நர்மதா டீச்சர் கெட்டவரில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையிடம் எந்த வேலையும் வாங்கக் கூடாது, இடத்தை விட்டு எழுப்பக் கூடாது. அவரும் அப்படியே செய்தார். அபிநயாவைச் சுவரோரமாக உட்கார வைத்து, இந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளைப் போட்டு அடைத்தார். அவள் பென்சிலைக் கடித்தாள். பெஞ்சுக்கு அடியில் காலை ஆட்டிப் பக்கத்துப் பிள்ளையின் வெள்ளைச் சாக்ஸை அழுக்காக்கினாள். கணக்கில் பாதியும் தமிழில் கால்வாசியும் எழுதினாள். மிச்சத்தை எழுதி முடிக்க வேண்டுமென்று மற்றவர்கள் விளையாடப் போகும் நேரத்தில் அவளை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அப்போதும் அவள் எழுதவில்லை. வீட்டில் கேட்டால், "தெரீலீங்க" என்றாள். எதைக் கேட்டாலும் அதே பதில். துள்ளிக்கொண்டு வேன் ஏறிய பிள்ளை, காலை எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். சத்யபிரியா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள், திருஷ்டி சுற்றிப் போட்டாள். வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை.

ஆவணி பிறந்து காற்று அடங்கிய ஒரு நாள் காலை. வேன்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பிள்ளையைக் காணோம். சத்யபிரியா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, வாய்க்கால் பக்கம் ஓடினாள். தமிழரசு கொடிக்காலுக்கு ஓடினான். முதல் நாள் தண்ணீர் பாய்ச்சிய ஈரம் காயாத பாத்தியில் ஷூ தடம் பதிந்திருந்தது. சின்ன ஷூ. அவனுக்கு வந்த கோபத்தில் பிள்ளை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்கூட மறந்துவிட்டது.

தடத்தைப் பிடித்துக்கொண்டே போனான். பகலிலும் இருட்டிக் கிடக்கும் அகத்தி நிழலில், கடைசி வரிசையில், கொடிகளுக்கு நடுவே அபிநயா குந்தியிருந்தாள். யூனிபாரமெல்லாம் சேறு.

"ஷூக் காலோட கொடிக்காலுக்குள்ள வருவியா நீயி?" என்றான். முதலில் அவன் வாயில் வந்தது அதுதான்.

அபிநயா சட்டென்று ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். கழற்றி, இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கழட்டிட்டேனுங்கப்பா. இனி இங்கயே இருந்துக்கட்டுங்களா?" என்றாள்.

தமிழரசு அவளைத் தூக்கக் குனிந்தான். பிள்ளையின் கைவிரல்களைப் பார்த்தான். நகங்களெல்லாம் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று அவனுக்குத் தெரியாது. கொடியில் ஒரு இலையில் புள்ளி விழுந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவன் அவன். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அன்று மத்தியானமே அப்புசாமி போன் செய்தார். குழைந்து குழைந்து பேசினார். நம்ம பிள்ளையாயிற்றே என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன் என்றார், மற்றப் பெற்றோர் கேட்கிறார்கள் என்றார், பள்ளிக்கூடத்துப் பேரும் இருக்கிறதே என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "அரப்பரிச்சையோட டீசி வாங்கிக்க மாப்ள. புள்ளைக்குக் கொஞ்சம் கோளாறாட்டந்தான் தெரியுது. அதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடமெல்லாம் இருக்குதாமா. நாஞ் சொன்னன்னு வெளிய சொல்லிப்போடாத."

அவன் கத்திய வார்த்தை அவனுக்கே திரும்பி வந்துவிட்டது, அதுவும் எவ்வளவு பதமாக. தமிழரசு போனை வைத்தான்.

இலைக் கொட்டகையில் சத்யபிரியா இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். காம்பைச் சேர்த்துப் பிடித்து, நூறு இலையை ஒரு கவுளியாக அடுக்கி வாழை நாரால் கட்ட வேண்டும். தமிழரசு அவள் எதிரே உட்கார்ந்து போனில் வந்ததைச் சொன்னான். அந்த டீச்சர்தான் அப்போதே பிள்ளையின் பேரைக் கெடுத்துவிட்டாள் என்று திட்டத் தொடங்கினான்.

சத்யபிரியா இலையைக் கீழே வைத்தாள். "அந்த டீச்சரைச் சொல்லாதீங்க. எனக்கு முன்னயே தெரியுமுங்க."

ஜூன் மாதமே நான்சி டீச்சர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பிள்ளைக்கு அறிவில் குறை ஒன்றும் இல்லை, கவனம்தான் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, இப்படிப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நாலு கணக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் மலைத்துப்போகிறாள், ஒவ்வொன்றாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறாள். இரண்டு கணக்கு முடித்ததும் எழுந்து ஒரு வரிசைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் அடுத்த இரண்டுக்கு உட்கார்ந்துவிடுகிறாள். இல்லாவிட்டால் எழுந்ததற்குத் திட்டு வாங்குவாள், இப்போது வேலையாக எழுகிறாள். அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார். சேலத்தில் ஒரு டாக்டரிடம் ஒருதரம் காட்டுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"என்னன்னு சொல்றதுங்க? டாக்டருன்னு சொன்னா உங்க சனம் பைத்தியம்னு பேரு கட்டீரும். நாளைக்குப் பொண்ணுப் பாக்க வாரவிங்க முன்னால அதுதான் வந்து நிக்கும். பயந்துக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். நீங்க போய்க் கத்திப்போட்டு வந்து ஊரெல்லாம் பெருமை அடிச்சப்பவாச்சும் சொல்லியிருக்கோணும். அப்பவும் எனக்கு வாய் வருல." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "நாம ரண்டு பேருமாச் சேந்துதான் அவளச் செவுத்தோரம் உக்கார வெச்சோம்."

தமிழரசு கையில் கிடைத்த இலைகளை அடுக்கத் தொடங்கினான். கொஞ்சம் அடுக்கினான், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான், வந்து உட்கார்ந்தான், எண்ணிக்கை மறந்துபோய் மறுபடியும் எழுந்தான். சத்யபிரியா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணாலமாகி இத்தன வருசத்துல நீங்க ஒரு கவுளி முழுசா அடுக்கிக் கட்டி நாம் பாத்ததில்லீங்க. உங்கள ஆரு செவுத்தோரம் உக்கார வெச்சா?"

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக உறைத்தது. எட்டாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்ற நாட்கள் அவனுக்கு ஞாபகம் வந்தன. முழங்காலில் பிரம்படி, வாத்தியார் வைத்த பட்டப்பேர், அதற்குச் சிரித்த வகுப்பு. ஒருநாள் பையை வாய்க்காலில் விட்டெறிந்துவிட்டுக் கொடிக்காலுக்குள் வந்தவன்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவனுக்கு ஓடி ஒளிய அப்பனின் கொடிக்கால் இருந்தது. அதே கொடிக்காலில்தான் இன்றைக்கு அவன் பெண் ஒளிந்திருந்தாள். அவளைப் போய் ஷூவைக் கழற்று என்றான். வெட்கத்தில் அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. களியும் கொள்ளு ரசமும் தட்டிலேயே ஆறிப்போயின.

மறுநாள் வெடியாலே அப்புசாமிக்குப் போன் போட்டு, நான்சி டீச்சரைத் திரும்பவும் நான்காம் வகுப்புக்கு மாற்றுங்கள் என்றான். அவர் சலித்துக்கொண்டாலும் சரி என்றுவிட்டார். டீச்சரைக் கேட்கக்கூட இல்லை. தன் ஒரு வார்த்தைக்கு ஒரு மனுஷி இப்படி அங்குமிங்கும் பந்தாடப்படுவதைத் தமிழரசு அப்போதுதான் கவனித்தான். அது அவனை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

நல்ல கொழுந்து இலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஒரு பூவன் தாரையும் பைக்கில் கட்டிக்கொண்டு, நான்சி டீச்சரின் வீட்டுக்குப் போனான். அவர் மாடிப்படியிலேயே வந்து நின்றார். துணி உலர்த்திக்கொண்டிருந்த கை ஈரமாக இருந்தது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. தமிழரசு தெரியாமல் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று படிக்குக் கீழே நின்று சொன்னான். பொம்பளை முன்னால் தலை குனிந்து நின்று அவனுக்குப் பழக்கமில்லை.

டீச்சர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க எங்கிட்ட இங்க வந்து சொல்றீங்க சார். ஆனா அன்னைக்கு நாற்பது பிள்ளைங்க முன்னாடி பேசினீங்க. தண்ணி ஊத்தறது கேவலமான வேலைன்னு அந்தப் பிள்ளைங்க அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. நான் இப்ப மறுபடியும் அபி கையில ஜக்கைக் குடுத்தா வாங்குவாளா? எங்க பேசினீங்களோ அங்க வந்து சொல்லுங்க. அப்புறம் நான் அந்தக் கிளாசுக்கு வர்றேன்."

வாழைத்தாரை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தமிழரசு அதைத் திரும்பக் கொண்டுபோனான். வழியில் டீக்கடைக்காரர் யாருக்குத் தார் என்று கேட்டதற்கு, காதில் விழாதவன் போல வண்டியை ஓட்டினான்.

அடுத்த நாள் அபிநயாவை வேனில் ஏற்றாமல் தானே பைக்கில் கூட்டிப்போனான். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றதும் பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் அந்தச் சபரிநாதன் தன் நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் தமிழரசுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பஞ்சாயத்தில் தொண்டை கிழியப் பேசுகிறவன், நான்காம் வகுப்புக்கு முன்னால் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு நாம் பேசுனது தப்புங்க சாமி," என்று தொடங்கினான். "டீச்சர் எம்புள்ளைய வேலை வாங்குல. அது படிக்கோணும்னுதான் அப்புடி எந்திரிச்சு நடக்க வெச்சாங்க. தண்ணி ஊத்தறது கேவலம் இல்ல. நாம் பேசுன பேச்சுத்தான் கேவலம். எம்புள்ளைக்குக் கோளாறும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்..." அதற்கு மேல் வரவில்லை. வாசலில் வந்து நின்றிருந்த நான்சி டீச்சர், போதும் சார், என்று மெதுவாகச் சொன்னார்.

சாயங்காலமும் அவனே போய்க் கூட்டி வந்தான். ராஜவாய்க்கால் கரையில் வரும்போது, இத்தனை பேசியதற்குப் பிள்ளை என்ன நினைக்கிறாளோ என்று மனசு அரித்தது.

"அப்பன் வெடியாலே கிளாசுல சொன்னது கேட்டுச்சா சாமி?"

பின்னாலிருந்து, "எப்பங்கப்பா?" என்று குரல் வந்தது.

"உங்க கிளாசுல. எல்லாரு முன்னாலயும் நின்னு சொன்னனே."

"தெரீலீங்கப்பா. ஜன்னல்ல ஒரு குளவி கூடு கட்டுச்சுங்க. வாயில மண்ணு கவ்வீட்டு வந்து, மறுக்காப் போயி, மறுக்கா வந்து... அதைப் பாத்துட்டு இருந்தேன்."

தமிழரசுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்பது பிள்ளைகள் கேட்டார்கள், கேட்க வேண்டிய ஒரு பிள்ளை கேட்கவில்லை. அப்படியானால் அன்றைக்குக் கத்தியதும் இவள் காதில் விழாமல் போயிருக்கும், எந்த எறும்பையோ குளவியையோ பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று ஓர் ஆசை சட்டென்று எழுந்தது.

"அப்ப அன்னைக்கு நான் வந்து பேசுனதும் கேக்குலயா சாமி?"

"அது கேட்டுச்சுங்க," என்றாள் அபிநயா. "'என்ற புள்ளைக்கு என்ன மூளைக் கோளாறா, கோளாறுன்னா கட்டுத்தறீல மாட்டோட கட்டிப் போட்டிருக்க மாட்டனா'ன்னு சொன்னீங்க. ஏனுங்கப்பா, என்னையக் கட்டிப் போட்டிருவீங்களா?"

ஒரு சொல் பிசகவில்லை. எதுவும் மனசில் நிற்காத பிள்ளை, ஒரு மாதமாக அதை மட்டும் அப்படியே வைத்திருந்தாள். தமிழரசு வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டாண்டைப் போட்டான். பிள்ளையை இறக்கி, அவள் முன்னால் மண்ணில் குந்தினான். கரும்பு லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். காலையில் சொன்னதை மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். வகுப்பில் சொல்ல வராமல் போனதையும் சேர்த்துச் சொன்னான். அப்பனும் உட்கார முடியாதவன்தான் என்றான், உன்னைக் கட்டிப் போடுவேன் என்று சொன்ன வாய் அழுகிப்போகட்டும் என்றான், சொல்லிவிட்டு அழுதான். நாற்பது பேர் முன்னால் நின்றதைவிட அந்த ஒருத்தி முன்னால் குந்தியிருந்தது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அபிநயா இந்தத் தடவை வாய்க்காலைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "செரிங்கப்பா," என்றாள். பிறகு ஏதோ நினைப்பு வந்தவளாக அவன் தோளைத் தட்டினாள்.

"நாளைக்கு மூணாவது வரிசையில இருந்து ஊத்தோணுமுங்க. சபரி பாட்டில்ல அன்னைக்குப் பாதிதான் ஊத்துனேன்."